வாய்ஸ் ரெகக்னிஷன்: குரலறிதலா, பேச்சறிதலா?

போனில் பேசினால் எழுத்தாக விழுகிறதே, அதைப் பலரும் வாய்ஸ் ரெகக்னிஷன் என்கிறார்கள், தமிழில் குரலறிதல் என்று போட்டுவிடுகிறோம். கறாராகப் பார்த்தால் அது வேறு. குரலை வைத்துப் பேசுகிறவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் குரலறிதல். என்ன பேசினார் என்று கண்டுபிடிப்பது ஸ்பீச் ரெகக்னிஷன், அதாவது பேச்சறிதல். ஆங்கிலத்திலேயே இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

சரி, ரெகக்னிஷன்? லத்தீனில் 'ரெ' என்றால் மறுபடி, 'கோக்னோஸ்கெரே' என்றால் அறிதல். கூட்டத்தில் பழைய சிநேகிதரைப் பார்த்ததும் "அட, நீங்களா!" என்போமே, அதுதான். எனக்கு இந்த 'மறுபடி' முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் முன்னால் கேட்டுப் பழகாத பேச்சு எந்திரத்துக்கு வெறும் சத்தம். 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்த 'ஆட்ரி' என்ற எந்திரம் இலக்கங்களை மட்டுமே அறிந்தது, அதுவும் பழகிய குரல் என்றால்தான் ஒழுங்காக.

ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 2000 மொழிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை எந்திரத்தின் காதில் சரியாக விழுந்ததே இல்லை. ருவாண்டா நாட்டு மொழியான கின்யர்வாண்டா தப்பித்தது, மக்கள் உட்கார்ந்து பேசிக் கொடுத்ததால். பயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா 2017இல் தொடங்கிய 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் திரையில் ஒரு வாக்கியம் வரும், அதை வாசிக்க வேண்டும், வேறு இருவர் கேட்டுச் சரி என்றால்தான் பதிவு செல்லும். இப்படியே கின்யர்வாண்டாவில் 2000 மணி நேரத்துக்கு மேல் பேச்சைச் சேர்த்துவிட்டார்கள்! அப்புறம் வாசிக்கக் கொடுக்கும் வாக்கியங்களும் பதிப்புரிமைச் சிக்கல் இல்லாதவையாக இருக்க வேண்டும், எழுத்தில் அதிகம் வராத மொழிகளுக்கு அதைத் தேடுவதே பெரும்பாடு.

நைஜீரியாவின் யோருபா மொழியில் தொல்லை வேறு மாதிரி. தமிழில் 'ஒக்கொ' என்று தோராயமாக எழுதலாம், ஒரு சொல். கடைசி அசையில் சுருதியைச் சமமாக வைத்தால் கணவன், ஏற்றினால் மண்வெட்டி, இறக்கினால் வண்டி. ஆனால் இந்த ஏற்ற இறக்கக் குறிகளைப் போடாமலே நிறையப் பேர் எழுதுகிறார்கள், அந்த எழுத்தை வைத்துக்கொண்டு எந்திரம் எதை என்று கற்கும்?

தமிழுக்கு வருவோம். 'அறிதல்' என்பதில் அந்த 'மறுபடி' விழுந்துவிடுகிறது. 'இனங்காணல்' பொருந்தும் என்பது என் கணிப்பு. பயிர் மாதிரியே நிற்கும் புல்லை நெல் வயலில் இனங்கண்டு பிடுங்குகிறவர், நெல்லைப் பார்த்துப் பழகியவராகத்தானே இருப்பார்? கட்டுரை எழுதும்போது பேச்சு இனங்காணல் என்றே எழுதுகிறேன். செயலியின் பொத்தானில் அவ்வளவு நீளம் இடிக்கும், அங்கே பேச்சறிதல் போதும். குரலறிதலை மட்டும் ஆளைக் கண்டுபிடிக்கும் வேலைக்கே விட்டுவிடுங்கள்.