இரவு ஒன்பது மணிக் கணக்கு

வீட்டு இணைய இணைப்பில் 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 மெகாபிட்) பிளானில் இருப்பவர் கூடுதல் பணம் கட்டி 300-க்கு மாறினால், பெரும்பாலும் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. ஒயர் மாற்றுவதில்லை, பெட்டியும் அதேதான். மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்வார்கள். மறுபடி விளக்கு எரியும்போது புது வேகம் வந்திருக்கும். அப்படியென்றால் அந்தக் கண்ணாடி இழை நேற்றே 300 தரக்கூடியதாகத்தான் இருந்திருக்கிறது. கையில் இருந்ததைக் கொடுக்காமல் ஏன் பிடித்து வைத்திருந்தார்கள்?

கம்பெனிக்காரனின் பேராசை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அதில் உண்மையும் கொஞ்சம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். அதற்கு முன் கம்பத்தில் தொங்கும் அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

இந்தியாவில் வீடுகளுக்கு வரும் ஃபைபர் பரவலாக ஜிபான் என்ற முறையில்தான் ஓடுகிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2003-இல் இதற்கான தரநிர்ணயத்தைக் கொண்டுவந்தது. எக்ஸ்சேஞ்சிலோ ஆபரேட்டரின் அறையிலோ ஓஎல்டி என்றொரு கருவி இருக்கும். அதன் ஒரு போர்ட்டிலிருந்து கிளம்பும் ஒற்றை இழை, உங்கள் தெருவுக்கு வந்து, கம்பத்துப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்ப்ளிட்டரில் 32 அல்லது 64 இழைகளாகப் பிரிகிறது. ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டு தேவையில்லை. வந்த ஒளியைப் பங்கு போட்டு அனுப்பும், அவ்வளவுதான். இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் ஒளியின் வலு பாதியாகக் குறையும். 32 வீடு என்றால் ஐந்து முறை பாதி. மிஞ்சும் அந்த மங்கலான ஒளியைப் படிப்பதுதான் உங்கள் வீட்டுப் பெட்டியின் வேலை.

அந்த ஒரு போர்ட் வீடுகளை நோக்கி நொடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட், அதாவது 2,500 மெகாபிட் அனுப்பும். வீடுகளிலிருந்து திரும்பி வருவதற்கு அதில் பாதி. 64 வீட்டுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ்தான் வரும். அந்த 64 பேருக்கும் 300 எம்பிபிஎஸ் பிளான் விற்றால், விற்றது 19 ஜிகாபிட்டுக்கு மேல். கையிருப்போ இரண்டரை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஸ்ப்ளிட்டர் கண்மூடித்தனமாகப் பிரிப்பதால், பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டிய தரவும் உங்கள் வீட்டு இழைக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. மறையாக்கம் செய்திருப்பதால் உங்களால் படிக்க முடியாது. உங்கள் பெட்டி தனக்கான எண் போட்ட தரவுப் பொட்டலங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். ஆக 40 பிளான்காரருக்கும் 300 பிளான்காரருக்கும் பிட்டுகள் ஒரே வேகத்தில், அதே 2.5 ஜிகாபிட்டில்தான் வந்து விழுகின்றன. 40 பிளான்காரருக்கு ஒரு நொடியில் வெறும் 16 மில்லிநொடி நேரம் மட்டுமே தரவு வருகிறது, மீதி நேரமெல்லாம் இடைவெளி. மெதுவான இணைப்பு என்று நாம் சொல்வது உண்மையில் இடைவெளி அதிகமுள்ள இணைப்பு.

சரி, இரண்டரையை வைத்துக்கொண்டு 19 விற்பது மோசடி இல்லையா?

இல்லை. தொலைபேசிக் காலத்திலிருந்தே இப்படித்தான். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஆக்னர் எர்லாங் 1909-இல் இதற்கான கணிதத்தை எழுதத் தொடங்கினார். ஊரில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை. அப்படியானால் இத்தனை சந்தாதாரருக்கு எத்தனை லைன் போட்டால் போதும்? இன்றும் தொலைபேசிப் போக்குவரத்தின் அலகுக்கு அவர் பெயர்தான். இணையத்தில் இந்தக் கணக்கு இன்னும் சாதகமாக வரும். ஹெச்டி படம் ஓட 5 எம்பிபிஎஸ் போதும். வாட்ஸ்அப்பும் செய்தித்தாளும் திறக்கும் நொடியில் கொஞ்சம் இழுக்கும், அப்புறம் சும்மா கிடக்கும். 64 வீட்டிலும் ஒரே நேரத்தில் ஹெச்டி படம் ஓடினாலும் 320 எம்பிபிஎஸ்தான், போர்ட்டின் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்கு. ஒரே அளவைப் பலருக்கு விற்பதில் எவ்வளவு தூரம் போகலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் 2009-இல் ஒரு வழிகாட்டுதல் தந்தது: வீட்டு இணைப்புகளுக்கு 50 பேருக்கு ஒரு பங்கு, தொழில் இணைப்புகளுக்கு 30 பேருக்கு ஒரு பங்கு.

அப்படியானால் நெருக்கடி எங்கே? தெருவில் அல்ல, அதற்கு மேலே. 16 போர்ட் உள்ள ஓஎல்டியில் போர்ட்டுக்கு 64 வீடு என்றால் 1,024 வீடு. அந்தக் கருவியை வெளியுலகத்தோடு சேர்க்க ஒரே ஒரு 10 ஜிகாபிட் இணைப்பு கொடுத்திருந்தால், ஆளுக்கு 10 எம்பிபிஎஸ்கூடத் தேறாது. அதற்கும் மேலே, ஆபரேட்டர் பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக இணையக் கொள்ளளவு வாங்கியாக வேண்டும். யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் ஆபரேட்டரின் வாசலிலேயே தங்கள் சர்வர்களைக் கொண்டுவந்து வைத்திருப்பதால் இந்தச் சுமை கொஞ்சம் குறைகிறது. மற்றதெல்லாம் தூரத்திலிருந்து வரவேண்டும், அதற்குக் காசு.

அந்தக் காசை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது முக்கியம். உலகெங்கும் பரவலாக உள்ள முறை இது: மாதம் முழுக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போக்குவரத்தை அளப்பார்கள். அளவுகளை வரிசைப்படுத்தி, மேலே உள்ள 5 சதவீதத்தைத் தள்ளிவிட்டு, அடுத்து நிற்கும் அளவுக்கு பில் போடுவார்கள். 30 நாளில் 5 சதவீதம் என்றால் 36 மணி நேரம், அதாவது நாளுக்கு ஒரு மணிக்கும் சற்று மேல். நெரிசலோ ஒரு மணி நேரத்தில் முடிவதில்லை. இரவு எட்டு மணிக்குத் தொடங்கி பதினொன்று வரை நீளும். ஆகவே இந்த மொத்தக் கொள்முதலுக்கு ஆபரேட்டர் கட்டும் பணம் பெரும்பாலும் அந்த இரவு நேரத்துக்கானதுதான். விடியற்காலை நாலு மணிக்கு நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் அவருக்கு ஒரு பைசாகூட அதிகச் செலவில்லை.

பிஎஸ்என்எல் டேட்டாஒன் காலத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2005-இல் வந்த அந்தச் சேவையின் ஹோம் 500 பிளானில், இரவு 2 முதல் காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது. டவுன்லோடு மேனேஜரில் நேரம் குறித்துவிட்டுத் தூங்கப் போன தலைமுறை ஒன்று உண்டு. கம்பெனியின் செலவுக் கணக்கு வாடிக்கையாளரின் கண்ணுக்கு அவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அது செம்புக் கம்பிக் காலம். எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூடக் கம்பியில் சிக்னல் தேய்ந்துபோகும், அதனால் வேகத்துக்கு இயற்கையே ஒரு வரம்பு போட்டிருந்தது. ஃபைபரில் அந்தச் சாக்கு இல்லை. இங்கே வரம்பு போடுவது மென்பொருள்.

அது எப்படிப் போடுகிறது? உங்கள் மோடம் ஆன் ஆனதும் கம்பெனியின் கேட்வே என்ற வாசல் கருவியிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. கேட்வே, ரேடியஸ் என்ற சர்வரிடம் விசாரிக்கும். இவர் பணம் கட்டியிருக்கிறார், 40 பிளான் என்று பதில் வரும். மோடத்தை அணைத்துப் போடச் சொல்வது இந்த விசாரணையை மறுபடி நடத்தத்தான். அதன்பின் கேட்வே உங்கள் பெயருக்கு ஒரு எண்ணை வைத்துக்கொள்கிறது. 40 எம்பிபிஎஸ் என்றால் அந்த எண் ஒவ்வொரு மில்லிநொடிக்கும் 5,000 கூடும். 1,500 பைட் உள்ள ஒரு பொட்டலம் உங்களுக்குப் போனால் 1,500 கழியும். எண் தீர்ந்துவிட்டால் அடுத்த பொட்டலம் வரிசையில் நிற்கும், அல்லது தூக்கி எறியப்படும். இதற்கு டோக்கன் பக்கெட் என்று பெயர். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் எண் ஓரளவு வரை சேர்ந்துகொள்ளும். ஸ்பீட் டெஸ்டில் முள் முதலில் துள்ளி மேலே போய், பிறகு பிளான் அளவுக்கு இறங்கி நிற்பது பல சமயம் இதனால்தான்.

பொட்டலத்தை எறிந்தால் வேகம் எப்படிக் குறையும்? படம் அனுப்பும் சர்வருக்கு உங்கள் பிளான் என்னவென்று தெரியாது. இதற்கான விடை 1986 அக்டோபரில் நடந்த ஒரு விபத்தில் இருக்கிறது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவே சுமார் 400 கஜம்தான் தூரம். அந்த இணைப்பின் வேகம் திடீரென்று நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. ஆயிரம் அல்ல, வெறும் 40. பொட்டலம் தொலைந்தால் கணினிகள் உடனே மறுபடி அனுப்பின. அந்தச் சுமையில் இன்னும் அதிகமாகத் தொலைந்தன, இன்னும் அதிகமாக அனுப்பின. வான் ஜேக்கப்சனும் மைக் காரல்ஸும் இதற்குக் கண்ட வழி எளிமையானது: பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு உடனே வேகத்தைப் பாதியாகக் குறை, பிறகு மெல்ல மெல்லக் கூட்டிப் பார். 1988-இல் அவர்கள் இதை வெளியிட்டார்கள். அந்தக் குணம் இன்றும் இணையத்தில் தொடர்கிறது. உங்கள் ஆபரேட்டர் செய்வதெல்லாம், இல்லாத நெரிசலை இருப்பதாகக் காட்டுவது. தூரத்து சர்வர் அதை நம்பித் தானே அடங்கிக்கொள்கிறது.

இந்த வரம்பு இல்லாவிட்டால் எல்லோருக்கும் நன்மை என்று நினைக்க வேண்டாம். ஜேக்கப்சன் முறை நியாயமாகப் பங்கிடுவது இணைப்புகளுக்கு இடையே, மனிதர்களுக்கு இடையே அல்ல. கோப்புகளை இறக்கும் டாரண்டில் 50 இணைப்பு திறந்து வைத்திருக்கும் வீடு, ஒரே இணைப்பில் வீடியோ பார்க்கும் வீட்டைவிட ஏறக்குறைய 50 பங்கு எடுத்துக்கொள்ளும். வீட்டுக்கு ஒரு வரம்பு போடுவதுதான் பக்கத்து வீட்டுப் பாட்டியின் சீரியல் நிற்காமல் ஓடுவதற்குக் காவல்.

இப்போது பேராசைக்கு வருவோம். ஃபைபர் தொழிலில் பெரும்பாலான செலவு பிட்டில் இல்லை. பள்ளம் தோண்டுவதில், கம்பத்துக்கு வாடகை கட்டுவதில், இழையை ஒட்டவைக்கும் ஆளின் கூலியில் இருக்கிறது. 40 பிளான் வீட்டுக்கும் 300 பிளான் வீட்டுக்கும் அந்தச் செலவு ஒன்றே. எல்லோருக்கும் ஒரே விலை வைத்தால் வசதி குறைந்தவர் வாங்க மாட்டார், வசதி உள்ளவரிடம் கூடுதலாகக் கேட்கவும் வழியில்லை. 2020 ஆகஸ்டில் ஜியோ அறிவித்த பட்டியலைப் பாருங்கள்: 30 எம்பிபிஎஸ் மாதம் 399 ரூபாய், 1 ஜிகாபிட் 3,999 ரூபாய். வேகம் 33 மடங்கு, விலை 10 மடங்கு. அந்த வேகத்தைத் தரும் செலவோடு இதற்குப் பெரிய சம்பந்தம் இல்லை. யார் எவ்வளவு கொடுப்பார்கள் என்பதை வைத்துப் போட்ட படிக்கட்டு இது.

பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்யுய் 1849-இலேயே ரயிலை வைத்து இதைச் சொல்லிவிட்டார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விட்டது கூரைச் செலவை மிச்சம் பிடிக்க அல்ல. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக் கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறாமல் இருப்பதற்காக. டோக்கன் பக்கெட்டும் பாதி நேரம் இந்த வேலையைத்தான் செய்கிறது. ஆனாலும் இதை நான் பெரிய குற்றமாகப் பார்க்கவில்லை. 3,999 கட்டுபவர் இருப்பதால்தான் 399-க்கு ஒருவருக்கு இழை வந்து சேருகிறது.

எனக்கு உறுத்துவது ‘அன்லிமிடெட்’ என்ற விளம்பரம்தான். பல பிளான்களின் அடியில் மாதம் 3,300 ஜிபி என்று சின்ன எழுத்தில் ஒரு எல்லை இருக்கும், அதைத் தாண்டினால் வேகம் சில எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். 30 நாளுக்கும் பரப்பினால் அது சராசரியாக நொடிக்கு 10 எம்பிபிஎஸ். 300 பிளான்காரர் ஒரே மூச்சில் இழுத்தால் ஒரு நாளைக்குச் சற்று மேல் தாங்கும். சாதாரணக் குடும்பம் அந்த எல்லையைத் தொடாது என்பது உண்மைதான். அப்படியானால் அதைப் பெரிய எழுத்திலேயே போடலாமே. ஒரே பங்கை எத்தனை வீட்டுக்குப் பிரித்திருக்கிறார்கள் என்பதையும் பில்லில் அச்சிடலாம்.

எக்ஸ்ஜிஎஸ்-பான் என்ற அடுத்த தலைமுறை முறை, அதே இழையில் இரு திசையிலும் 10 ஜிகாபிட் தருகிறது. தெரு அகலமாகும், மேலே உள்ள இணைப்பு வாங்கும் செலவு அப்படியே இருக்கும்.

உங்கள் வீட்டில் வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது எது என்று கண்டுபிடிக்க முடியும். வைஃபையை நம்பாமல், லேப்டாப்பை ரவுட்டரோடு ஒயரில் இணைத்து, காலை ஆறு மணிக்கு ஒரு ஸ்பீட் டெஸ்ட், இரவு ஒன்பது மணிக்கு ஒன்று. ஸ்பீட் டெஸ்ட் சர்வர் ஆபரேட்டருடையதாக இல்லாமல் வேறு ஊரில் இருக்கட்டும். இரண்டு நேரமும் பிளான் அளவு அப்படியே வந்தால், உங்களைத் தடுப்பது டோக்கன் பக்கெட். மேல் பிளானுக்கு மாறினால் பலன் உண்டு. எந்த நேரமும் 95-க்கு மேல் ஏறவில்லை என்றால், நூறுக்கு மேல் தாங்காத பழைய போர்ட்டோ, உள்ளே நாலு கம்பி மட்டும் இணைத்த லேன் ஒயரோ காரணமாக இருக்கும். காலையில் 100 வந்து இரவில் 30-க்கு விழுந்தால், பங்காளிகள் அதிகம். அங்கே 300 பிளானுக்குக் காசு கட்டினாலும் ஒன்பது மணிக்குக் கிடைக்கப்போவது கிட்டத்தட்ட அதே 30-தான்.