மைதானத்துக்கு வசூல் தொடங்கும் முன் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள்

கேலரி வைத்த கபடித் திடலோ சின்ன உள்ளரங்கமோ ஊருக்கு வேண்டுமென்றால் பொதுவாகத் தட்டுகிற கதவு மூன்று: எம்.பி. தொகுதி நிதி, எம்.எல்.ஏ. தொகுதி நிதி, நமக்கு நாமே திட்டம். எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி, எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி. இருவரும் பரிந்துரைக்கத்தான் முடியும். உத்தரவு வருவது மாவட்ட நிர்வாகத்திலிருந்து. “அண்ணன் சொல்லிட்டாரு” என்பதை நம்பிக் கடைக்கால் தோண்டாதீர்கள். எம்.பி. நிதியில் இடம் வாங்கவும் முடியாது.

நமக்கு நாமேயில் பொதுவாக வேலையின் செலவு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்காவது மக்கள் கட்ட வேண்டும். 15 லட்ச ரூபாய் வேலைக்கு ஊர்ப் பணம் 5 லட்சம். சிக்கலும் இங்கேதான்.

பண்ருட்டி பக்கம் ஓர் ஊருக்காக நானும் அலைந்தேன். முந்திரி விற்ற காசு, துபாய்க் காசு என்று பையன்கள் வீடு வீடாகச் சேர்த்து டிடி எடுத்துவிட்டார்கள். டிடி 3 மாதம்தான் செல்லும். பொறியாளர் இடம் பார்க்க வந்ததே நாலாவது மாதம். புது டிடியோடு போனால், விலை விகிதம் மாறிவிட்டது, மதிப்பீடு ஏறிவிட்டது, உங்கள் பங்கும் ஏறும் என்றார்கள். அதையும் புரட்டிக் கொடுத்த பிறகுதான் ஒருவர் ‘அ’ பதிவேட்டை, அதாவது எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேட்டை, திருப்பிப் பார்த்தார். ஓடைப் புறம்போக்கு! முதல் நாளே பார்க்க வேண்டிய ஒரு வரி அது.

ஆகவே வசூல் நோட்டு அச்சடிக்கும் முன் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். ‘அ’ பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். புல வரைபடத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏரி, குளம், ஓடை என்றிருந்தால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். வகை மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் கண்டிப்பாக வருவார், காசு கொடுக்காதீர்கள். கோயில் நிலமென்றால் ஊராட்சித் தீர்மானம் செல்லாது, அது அறநிலையத் துறை விவகாரம். “இருபது வருசமா நாங்கதான் விளையாடறோம்” என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

புதுச்சேரியின் பாகூரை ஒட்டிய ஊர்க்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வீடு கடலூர் மாவட்டம், திடல் புதுச்சேரி எல்லைக்குள் என்றால் நமக்கு நாமே கிடைக்காது. அது தமிழ்நாட்டுத் திட்டம்.

இடம் சரியா? கிராம சபையில் சர்வே எண்ணோடு தீர்மானம் போடுங்கள். எண் இல்லாத தீர்மானம் திரும்பி வரும். பிறகு ஒன்றிய அலுவலகத்தில் மதிப்பீடு. டிடி யார் பேருக்கு, எப்போது என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே வங்கிக்குப் போங்கள். விளக்குக் கம்பம் நட்டுத் தருவார்கள், கரண்ட் பில் கட்டமாட்டார்கள். அதை யார் கட்டுவது என்று அதே கூட்டத்தில் பேசிவிடுங்கள்.

“ஃபைல் மேலே போயிருக்கு” என்றால் எந்த மேலே என்று கேளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். கோப்பு இன்று யார் மேசையில், எந்தத் தேதியிலிருந்து என்ற ஒரே கேள்வி போதும்.