எந்த இசக்கிமுத்து?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “ஆஸ்பத்திரியில் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, இனி பழைய சீட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்கிறார்கள். எங்கள் தெருவில் இசக்கிமுத்து என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எந்த இசக்கிமுத்து என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?”

நெல்லைக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். மின்னணு மருத்துவப் பதிவேடு பற்றி எழுதுகிறவர்கள் பலன்களை விலாவாரியாக அடுக்கிவிட்டு இந்த இடத்தை மட்டும் தாண்டிக் குதித்துவிடுவார்கள். நான் பலன்களைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் என்பது புது டாக்டருக்கும் தெரியும். போன வாரம் எடுத்த ஸ்கேனை மறுபடி எடுக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் டாக்டருக்கே ஞாபகப்படுத்தும்: அமெரிக்காவில் கிளெமென்ட் மெக்டொனால்ட் என்ற மருத்துவர் 1976இல் வெளியிட்ட ஆய்வில், கவனிக்க வேண்டிய விஷயங்களில் டாக்டர்கள் தாங்களாகக் கவனித்தது 22 சதவீதம், கம்ப்யூட்டர் நினைவூட்டியபோது 51 சதவீதம். அப்புறம் நம் பக்கத்துத் தலைப்பிரசவம் இருக்கிறது. களக்காட்டில் வாக்கப்பட்ட பெண் ஏழு மாதம் அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பார்த்துவிட்டு, வளைகாப்பு முடிந்ததும் சங்கரன்கோவில் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். 2019இல் தென்காசி பிரிந்த பிறகு அது வேறு மாவட்டம். அவளோடு அவள் கணக்கும் போயாக வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பிக்மி எண் கொடுக்கிறார்களே, அதில் இந்த வசதியும் அடக்கம்.

“அப்படியென்றால் எல்லோருக்கும் ஓர் எண் கொடுத்தால் தீர்ந்ததே?” என்பீர்கள். கொடுக்கத்தான் செய்கிறார்கள். 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ‘ஆபா’ என்று 14 இலக்க எண் உண்டு. ஆனால் அது விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்வது. எடுத்தவர்களும் ஆஸ்பத்திரிக்கு வரும்போது கொண்டு வர வேண்டும். எண் வருவதற்கு முந்தைய பதிவுகளுக்கு என்ன வழி? காய்ச்சலோடு வருகிற ஆச்சியிடம் 14 இலக்கம் கேட்டால் அவர் திருப்பிச் சொல்வதை அச்சில் போட முடியாது. ஆகவே பெயர், வயது, ஊரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வேலை போகவே போகாது.

இந்த வேலைக்கு ஓர் அழகான கணக்கு இருக்கிறது. கனடாவின் அணுசக்தி நிறுவனத்தில் ஹோவர்ட் நியூகோம்ப் என்ற மரபியலாளர் இருந்தார். கதிர்வீச்சால் தலைமுறைகளுக்கு என்ன ஆகும் என்று ஆராய, பிறப்புப் பதிவுகளையும் திருமணப் பதிவுகளையும் கம்ப்யூட்டரால் குடும்பம் குடும்பமாக இணைக்கப் பார்த்தார். 1959இல் அதை வெளியிட்டார். இவான் ஃபெலகி, ஆலன் சன்டர் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1969இல் அதற்கு முழுக் கணித வடிவம் கொடுத்தார்கள். இன்றைக்கும் பல மென்பொருள்களுக்கு அடியில் ஓடுவது அதுதான்.

கணக்கு இப்படிப் போகிறது. இரண்டு பதிவுகளை எடுத்து, பெயர், வயது, ஊர் என்று அதில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளுடையது என்றால் இந்தக் கட்டம் ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு? வேறு வேறு ஆள் என்றால், தற்செயலாக ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு? முதலாவதை இரண்டாவதால் வகுத்து, 2ஐ அடியாகக் கொண்ட மடக்கை (2ஐ எத்தனை தடவை பெருக்கினால் அந்த எண் வரும் என்பது) எடுத்தால் அந்தக் கட்டத்துக்கான மார்க் வந்துவிடும். இரண்டிலும் ‘ஆண்’ என்று இருந்தால் 1 மார்க்தான். உலகில் பாதிப் பேர் ஆண்கள். பிறந்த மாதம் ஒத்துப்போனால் ஏறக்குறைய மூன்றரை. இசக்கிமுத்து நூறு ஆண்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம்: 6.6 மார்க். பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் பெயர் என்றால் 13.3. அபூர்வமான பெயர் ஒத்துப்போவதற்கு மதிப்பு அதிகம் என்று நமக்குத் தோன்றுவதை எண்ணாகவே ஆக்கிவிட்டார்கள்! ஒத்துப்போகாவிட்டால் மார்க் குறையும். பிறந்த வருடத்தைத் தப்பாகப் பதிவது நூற்றுக்கு 2 தடவைதான் என்றால், வருடம் மாறியிருப்பதற்கு 5.6 கழியும்.

எல்லாவற்றையும் கூட்டினால் போதும். 2ஐ 20 தடவை பெருக்கினால் 10,48,576 வருகிறது. அதாவது பத்து லட்சம் பேர் உள்ள பதிவேட்டில் ஒருவரைப் பிரித்தெடுக்கக் கிட்டத்தட்ட 20 மார்க்காவது வேண்டும். அதற்கு நன்றாக மேலே போனால் ஒரே ஆள், நன்றாகக் கீழே இருந்தால் வேறு ஆள், நடுவில் நின்றால் மனிதர் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த நடுப்பட்டையை வைத்தது புத்திசாலித்தனம். ஒரே ஆளை இருவராகப் பிரித்துவிட்டால் ஒரு பரிசோதனை கூடுதலாகும். இருவரை ஒருவராக ஒட்டிவிட்டால் மருந்தே மாறிப்போகும்.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தக் கணக்கு, கட்டங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்கிறது. நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். சுடலைமுத்து மகன் ஆறுமுகம்; அவர் மகன் சுடலைமுத்து; அவன் மகன் மறுபடி ஆறுமுகம். தாத்தாவும் சு. ஆறுமுகம், பேரனும் சு. ஆறுமுகம். கதவு எண் ஒன்று, வீட்டில் இருக்கிற போன் நம்பரும் ஒன்று. பெயர், தலைப்பெழுத்து, முகவரி எல்லாம் சேர்ந்து 20ஐத் தாண்டிவிடும். பிறந்த வருடத்துக்கு 5.6 கழித்தாலும் போன் நம்பர் அதை ஈடுகட்டிவிடும். போதாக்குறைக்குத் தாத்தா 1942, பேரன் 1992 என்றால் ஓர் இலக்கம்தான் வித்தியாசம். தட்டச்சுப் பிழை என்று மன்னிக்கப் பழக்கிய மென்பொருள் அதையும் மன்னித்துவிடும். தாத்தாவின் சர்க்கரை மாத்திரை பேரன் கணக்கில் ஏறும்.

பிறந்த தேதியும் கைகொடுக்காது. தேதி தெரியாத பெரியவர்களுக்கு ஜனவரி 1 என்று ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உத்தேசமாகப் போட்டது என்றால் மே, ஜூன். ஜனவரி 1 ஒத்துப்போனால் முழு மார்க் கொடுக்கக் கூடாது. பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா தலைப்பெழுத்து, பின்னால் கணவர் தலைப்பெழுத்து. அது மாறியதற்கு அதிகம் கழிக்கவும் கூடாது. அம்மா பெயரைக் கேட்டால் தாத்தா பேரன் குழப்பம் பெரும்பாலும் தீரும். அத்தை மகளைக் கட்டி, பாட்டி பெயரைப் பேத்திக்கும் வைத்த வீடுகளில் அதையும் நம்ப முடியாது.

எழுத்துக்கூட்டல் தனிக்கதை. ஒலியை வைத்துப் பெயர்களைச் சேர்க்கும் ‘சவுண்டெக்ஸ்’ முறைக்கு அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் காப்புரிமை வாங்கினார். முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மற்றவற்றை ஒலி இனவாரியாக எண்ணாக்கும். இசக்கியை ஆங்கிலத்தில் ஒருவர் ‘ஈ’யில் தொடங்கி எழுதுவார், இன்னொருவர் ‘ஐ’யில். முதல் எழுத்திலேயே கதை முடிந்தது. தமிழில் பதிந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பிறகு நியூமராலஜி: கூட்டுத்தொகை சரியில்லை என்று ஆங்கிலப் பெயரில் ஓர் ‘ஏ’ சேர்த்துக்கொள்கிறார்கள். அதிர்ஷ்டம் வந்ததோ என்னவோ, ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று என்று மூன்று ஆளாகிவிடுகிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு என்று பேனர் கட்டினால் பணம் வருகிறது; பெயர்களை எண்ணும் ஆராய்ச்சிக்கு யார் கொடுப்பார்கள்? அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஐகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரிய செலவும் இல்லை. வாக்காளர் பட்டியல் தமிழிலேயே பொதுவில் கிடைக்கிறது: பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, கதவு எண். எத்தனை இசக்கிமுத்து, எத்தனை பேச்சியம்மாள், ஒரே கதவு எண்ணில் ஒரே பெயர் எத்தனை வீட்டில் என்று எண்ணி ஓர் அட்டவணை போட்டுவிட்டால், நம் ஊருக்கான மார்க்கை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.