கம்பாத்-பத்யான்யா: ஒரு ரஷ்யப் பாட்டுச் சொல்லும் அதற்கான தமிழும்

லுபே என்ற ரஷ்ய ராக் குழுவின் பாட்டுகளைத் தேடிக் கேட்பவர்கள் 'கம்பாத்' என்ற தலைப்பைப் பார்த்ததும் அதை ஆங்கிலக் 'காம்பேட்' என்றே படித்துவிடுகிறார்கள். பாடுகிறவர் வேறு ராணுவச் சட்டையில் நிற்கிறாரா, சந்தேகமே வருவதில்லை. சண்டை, போர் என்று பொருள் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். தப்பு. அது ஒரு ஆளைக் குறிக்கும் சொல்.

'கமாந்தீர்' என்றால் தளபதி, 'பத்தல்யோன்' என்றால் பட்டாலியன், சில நூறு சிப்பாய்கள் கொண்ட படைப்பிரிவு. இரண்டின் தலையையும் வெட்டி ஒட்டினால் கம்பாத், அதாவது பட்டாலியன் தளபதி. எழுத்தில் பார்த்தால் 'கொம்பாத்' என்றுதான் இருக்கும், ஆனால் அழுத்தம் இரண்டாவது அசையில் விழுவதால் முதல் அசையின் 'ஒ' வாய்க்குள் 'அ' ஆகிவிடுகிறது. 1917 புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவில் இப்படி வெட்டி ஒட்டுவது ஒரு பித்தாகவே இருந்தது. கூட்டுப் பண்ணைக்குக் கல்ஹோஸ், கட்சியின் இளைஞர் அமைப்புக்குக் கம்சமோல், டிவிஷன் தளபதிக்குக் கம்தீவ், பிரிகேட் தளபதிக்குக் கம்ப்ரீக் என்று பாதி நாடே சுருக்கெழுத்தில் பேசிக்கொண்டிருந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கம்பாத் என்பது பொறுப்பின் பெயர், ராங்க் இல்லை. அந்தப் பொறுப்பில் மேஜர் இருப்பார், லெப்டினன்ட் கர்னல் இருப்பார். இரண்டாம் உலகப் போரில் மேலதிகாரிகள் அடுத்தடுத்துச் செத்துக்கொண்டிருந்ததால் கேப்டனும் சீனியர் லெப்டினன்ட்டும்கூடக் கம்பாத் ஆனார்கள்.

நம்மூர்ப் 'பட்டாளம்' என்ற சொல்லும் ஐரோப்பியரோடு கப்பலேறி வந்த இதே பட்டாலியன்தான். இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளில் இருந்த சொல் ஒரு பக்கம் ரஷ்யாவுக்கும் இன்னொரு பக்கம் நமக்கும் வந்து, நம்மிடம் எண்ணிக்கைப் பொருளைத் தொலைத்துவிட்டு மொத்த ராணுவத்துக்கும் பெயராகிவிட்டது. பட்டாளத்துக்காரர் என்றால் எந்த பட்டாலியன் என்று யாரும் கேட்பதில்லை. இன்னும் ஆழமாகத் தோண்டினால் லத்தீனில் 'அடி' என்ற பொருளுள்ள ஒரு வினைச்சொல்லில் போய் முட்டும். அந்த ஆங்கிலக் காம்பேட்டும் அங்கிருந்துதான் புறப்பட்டது என்பதால், தப்பாகப் படிப்பவர்களைத் தூரத்துச் சொந்தத்தைக் கூடப் பிறந்தவராக்கிவிட்டார்கள் என்று மன்னித்துவிடலாம்.

ரஷ்யர்களுக்கே இந்தச் சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. பீரங்கிப் படையில் 'பாத்' என்பது பேட்டரியையும், அதாவது சில பீரங்கிகள் சேர்ந்த அணியையும், குறிக்கும், ஆக அங்கே கம்பாத் என்றால் பேட்டரித் தளபதி. இன்னொரு வேடிக்கை, 'கம்பாத்' என்ற பெயரிலேயே உலகப் புகழ்பெற்ற ஒரு புகைப்படம் இருக்கிறது. 1942 கோடையில் லுகான்ஸ்க் பகுதிப் போர்முனையில் மக்ஸ் அல்பெர்த் எடுத்தது: கைத்துப்பாக்கியை மேலே தூக்கி, உடம்பைத் திருப்பி, பின்னால் வரும் ஆட்களை 'வாங்கடா' என்று இழுக்கும் ஒரு அதிகாரி. கம்பாத்தைக் கொன்றுவிட்டார்கள் என்று பக்கத்தில் யாரோ கத்தியதைக் கேட்டு அல்பெர்த் அந்தப் பெயரை வைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து, படத்தில் இருப்பவர் அலெக்சேய் யெரெமென்கோ என்று அடையாளம் சொன்னார்கள். அவர் படைக்குள் கட்சி வேலை பார்த்த இளநிலை அரசியல் அதிகாரி, கம்பாத்தே இல்லை. ஆனாலும் படத்தின் பெயரை யாரும் மாற்றவில்லை. முன்னால் நின்று இழுத்துக்கொண்டு போகிறவன் என்ற பொருள் அதற்குள் சொல்லில் ஊறிவிட்டது.

சரி, பாட்டின் பல்லவியில் கம்பாத்தோடு ஒட்டி வரும் பத்யான்யாவுக்கு வருவோம். பள்ளிப் புத்தக ரஷ்யனில் அப்பாவுக்கு 'அத்யேத்ஸ்'. வீட்டிலும் கிராமத்திலும் 'பாத்யா'. அதிலிருந்து கிளைத்தவை பல: கோயில் பாதிரியாரையும் பழைய காலத்தில் ஜாரையும் 'பாத்யுஷ்கா' என்பார்கள், ஊர்த் தலைவன், கூட்டத் தலைவன் மாதிரி ஆட்களுக்குப் 'பாத்கா', பெலாரஸ் அதிபர் லுகஷென்கோவை அந்த ஊரில் பாதி அன்பாகவும் பாதி நக்கலாகவும் அப்படித்தான் சொல்கிறார்கள். 'பத்யான்யா' இவற்றில் கொஞ்சம் செல்லமான வடிவம், ஒரு தோளில் கைபோடும் தொனி இருக்கும். மதிப்புள்ள தளபதியை முதுகுக்குப் பின்னால் 'பாத்யா' என்பது சிப்பாய்களின் பழக்கம். பாட்டின் பல்லவி இந்தச் சொல்லை அப்படியே தூக்கி, கம்'பாத்'தின் வாலையும் 'பத்'யான்யாவின் தலையையும் உரசவிட்டு, உடனே திருப்பிப்போட்டுச் சொல்கிறது. அர்த்தம் தெரியாதவன் காதிலும் அது கவாத்து நடையாக விழும். ஷகானோவ் எழுதிய வரிகளில் அதுதான் கெட்டிக்காரத்தனம் என்பேன். அதே பாட்டில் பேட்டரிக்கும் பட்டாலியனுக்கும் சேர்த்தே சுடச் சொல்லி உத்தரவு வருவதால், இவர் எந்தக் கம்பாத் என்பதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை!

இப்போது லுபேயின் கதையை இந்த அப்பா சொற்களை வைத்தே சொல்லிவிடலாம். 1989இல் மாஸ்கோவில் இகோர் மத்வியென்கோ என்ற தயாரிப்பாளர்-இசையமைப்பாளர் போட்ட திட்டம் அது. பாடகர் நிக்கலாய் ரஸ்தர்குயெவ், 1957இல் பிறந்தவர், அதற்கு முன் பல குழுக்களில் பாடிப் பெரிதாக எடுபடாதவர். குழுவின் பெயர் மாஸ்கோவை ஒட்டிய லுபெர்த்ஸி என்ற தொழிலாளர் புறநகரிலிருந்து வந்தது. அந்த ஊர்ப் பையன்கள் எண்பதுகளில் கட்டம்போட்ட கால்சட்டையும் ஜிம் உடம்புமாக ரயிலேறி வந்து, நீள முடி வைத்த ஹிப்பிகளையும் பங்க் ரசிகர்களையும் வெளுப்பார்கள். 'லுபெ' என்றால் உக்ரைனியத்தில் 'எதுவானாலும்' என்று ஒரு பொருள் இருப்பதையும் ரஸ்தர்குயெவே சொல்லியிருக்கிறார். முதலில் பதிவான பாட்டுகளில் ஒன்று 'பாத்கா மஹ்னோ'. நெஸ்தர் மஹ்னோ உக்ரைன் அராஜகவாதி, அதாவது அரசே வேண்டாம் என்ற கொள்கைக்காரர், ஹுல்யாய்போலெ என்ற ஊர்க்காரர். புரட்சிக்குப் பிந்தைய உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்த வெள்ளைப் படையோடும் மோதினார், கம்யூனிஸ்டுகளின் செம்படையோடும் மோதினார், கடைசியில் 1934இல் பாரிசில் ஏழையாகச் செத்தார். எந்த அரசுக்கும் கட்டுப்படாத ஒருவரைப் பாடித்தான் இந்தக் குழு தொடங்கியது, இன்று லுபேயைக் கேட்கிற பாதிப் பேருக்கு இது தெரியாது.

ராணுவச் சட்டை அப்புறம்தான் வந்தது. 1989 டிசம்பரில் புகழ்பெற்ற பாடகி அல்லா புகச்சோவாவின் மேடை நிகழ்ச்சியில் பாடும்போது, பழைய போர்க்காலச் சிப்பாய்ச் சட்டையைப் போட்டுப் பாருங்களேன் என்று யோசனை சொன்னது புகச்சோவாதான். அது ரஸ்தர்குயெவின் உடம்போடு ஒட்டிக்கொண்டது. பார்ப்பவர்கள் ஓய்வுபெற்ற மேஜர் என்றே நினைப்பார்கள்; ஆனால் மனுஷன் ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. யோசனை சொன்ன புகச்சோவா 2022இல் உக்ரைன் போரை வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார்.

அதற்குப் பின் அலாஸ்காவைத் திருப்பிக் கொடு என்று அமெரிக்காவைச் சீண்டும் ஒரு கேலிப் பாட்டு வந்தது. அதில் அலாஸ்கா போனதற்கு மகாராணி கேத்தரினைத் திட்டுகிறார்கள், விற்றது என்னவோ 1867இல் இரண்டாம் அலெக்சாண்டர், எழுபத்திரண்டு லட்சம் டாலருக்கு. சிரிப்பும் தேசபக்தியும் கலந்து கட்டிய கட்டம் அது. 1994இல் வாத்தியமே இல்லாமல் குரல்களை மட்டும் வைத்து, இரவில் குதிரையோடு வயலுக்குப் போகும் பாட்டு. என்னைக் கேட்டால் நாட்டுப்புற ராக் என்ற பட்டத்துக்கு லுபே நியாயம் செய்தது அந்த ஒரு பாட்டில்தான். ராணுவம் இல்லை, எதிரி இல்லை, வயல் மட்டும்.

1995இல் 'கம்பாத்'. நாஜி ஜெர்மனியை வென்ற ஐம்பதாம் ஆண்டு ஒரு பக்கம், முதல் செச்சென் போரிலிருந்து சவப்பெட்டிகள் வந்துகொண்டிருந்தது இன்னொரு பக்கம். தளபதிகள் மேல் ஜனங்கள் கடுப்பில் இருந்த நேரத்தில், பையன்களின் முதுகுக்குப் பின்னால் ஒளியாத ஒரு அப்பா-தளபதியைப் பாட்டு கொண்டுவந்து நிறுத்தியது, பெருவெற்றி. 1996 ஆல்பத்துக்கும் அதே பெயர். அப்புறம் பாதை நேராகப் போனது: 2002இல் ரஸ்தர்குயெவுக்கு ரஷ்யாவின் மக்கள் கலைஞர் பட்டம், 2010இல் ஆளும் ஐக்கிய ரஷ்யா கட்சி சார்பில் நாடாளுமன்ற இடம், புதினுக்குப் பிடித்த குழு என்ற பெயர், 2022க்குப் பிறகு அரசு நடத்திய போர் ஆதரவு மேடைகள். மஹ்னோவின் ஹுல்யாய்போலெ அந்தப் போரின் முன்வரிசையிலேயே கிடந்து இடிந்தது.

தமிழுக்கு வருவோம். 'பட்டாலியன் தளபதி' என்று போட்டால் பொருள் சரி, வாயில் நிற்காது. இலங்கை வழக்கின் 'படையணி' ரெஜிமென்ட்டுக்கும் சேர்ந்தே ஓடுகிறது, எல்லை தெளிவில்லை. உண்மையில் தமிழ்நாட்டு அரசே ஒரு நல்ல சொல்லை வைத்திருக்கிறது: தளவாய். நாயக்கர் காலத்தில் மொத்தப் படைக்கும் தலைவர். இன்று தமிழ்நாடு சிறப்புக் காவல் படையில் ஓர் அணிக்கு, அதாவது ஒரு பட்டாலியனுக்கு, தலைமை அதிகாரியின் பதவிப் பெயர் அதுதான். தளவாய், உதவித் தளவாய் என்று ஆணைகளில் அன்றாடம் எழுதுகிறார்கள். கம்பாத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. பீரங்கிப் படைக் கம்பாத்துக்கு மட்டும் பேட்டரித் தளபதி என்றே விட்டுவிடலாம்.

பத்யான்யாவுக்கு 'ஐயா'. தென் மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் பெற்ற அப்பாவை ஐயா என்று கூப்பிடும் வழக்கம் உண்டு, போலீஸ்காரர் மேலதிகாரியையும் ஐயா என்பார், ஆக இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அடங்குகிறது. 'தளவாய் ஐயா' என்றால் தொனியில் கொஞ்சம் விறைப்பு கூடும், அந்தத் தோளில் கைபோடும் செல்லம் குறையும். அதற்காக 'அப்பாரு' என்றெல்லாம் போட்டால் பட்டாளம் மறைந்து கொங்குநாட்டுத் தோட்டம் தெரியும், வேண்டாம். பாத்கா மஹ்னோவுக்கு மட்டும் இது ஒத்துவராது. 1918இல் சொந்த ஆட்கள் அவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்தபோது மனுஷனுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அந்த வயசில் ஒரு கூட்டமே பின்னால் வரும் ஆளுக்கு நம் ஊரில் ஐயா பட்டம் கிடைக்காது. மஹ்னோ அண்ணன் என்றுதான் எழுத வேண்டும்.