பாத்துச் சாப்பிடுங்க என்றால் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் பெண் ஒருவர் சமீபத்தில் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வந்திருந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். வயிற்றுவலி, உப்புசம், காலையில் நாலைந்து தடவை கழிப்பறை. வருடக்கணக்காக இதே பாடு. என்னம்மா சாப்பிடுறீங்க என்று கேட்டேன்.

"காலைல ரெண்டு இட்லி, மத்தியானம் ரசஞ்சோறு, ராத்திரி ரொட்டி. நடுவுல டீத்தண்ணி. அம்புட்டுதான் மேடம். வேற என்னத்தத் தின்னாலும் ஒத்துக்கிட மாட்டேங்கு."

மீன் போயிற்று, முட்டை போயிற்று, கத்தரிக்காய், கீரை, உருளைக்கிழங்கு எல்லாம் போயிற்று. கூடவே உடம்பும் போயிற்று. பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காரத் தெம்பில்லை. கண்ணிமையை இறக்கிப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கிறது. செல்போனில் யாரோ அனுப்பிய பட்டியலைக் காட்டினார். ‘குடல் நோய்க்காரர்கள் வாழ்நாள் முழுக்கத் தொடக் கூடாதவை.’ இப்படிப் பட்டியலும் கையுமாக, பாதி ஆளாக வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

இவர்களில் பலருக்கு இருப்பது ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்). அது குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமலே குடலின் ஓட்டமும் உணர்ச்சியும் தாறுமாறாகிற நோய். டாக்டர்கள் கையாளும் ரோம் அளவுகோலின்படி (2016இல் வந்த நான்காம் பதிப்பு), கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு 1 நாளாவது வயிறு வலித்திருக்க வேண்டும். மலம் கழிப்பது, அதன் தடவைகள் மாறுவது, தன்மை மாறுவது இந்த மூன்றில் இரண்டோடாவது அந்த வலிக்குத் தொடர்பு இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை, அதை அவர்கள் சரியாகவே செய்கிறார்கள். கடைசியில் "பாத்துச் சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்புகிறார்களே, அங்கேதான் வினை தொடங்குகிறது. எதைப் பார்த்து? எப்படிப் பார்த்து? யாரும் சொல்வதில்லை. ஜனங்கள் அவரவருக்குத் தோன்றியதை நிறுத்துகிறார்கள்.

எப்படித் தோன்றுகிறது? கடைசியாக எதைத் தின்றோமோ அதன்மேல் பழி விழுகிறது. கல்யாண வீட்டில் நகை காணாமல் போனால் கடைசியாக வாசல் தாண்டியவரைப் பிடித்து வைப்பது மாதிரி. "சாப்ட்ட ஒடனே போவுது மேடம், தின்னது அப்படியே வந்திருது" என்று சொல்லாத ஆளே இல்லை. தயவுசெய்து இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். இப்போது வாயில் போட்டது பெருங்குடலைத் தொடவே ஏறத்தாழ 4 முதல் 6 மணி நேரம் ஆகும். வெளியே வர ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். இரைப்பை நிரம்பியதும் ‘இடம் விடு’ என்று பெருங்குடலுக்குத் தகவல் போகிறது. எல்லோருக்கும் நடப்பதுதான். ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு அது கூச்சலாகக் கேட்கிறது, அதனால் ஓட வேண்டியிருக்கிறது. அப்போது வெளியே வருவது நேற்றோ முந்தாநாளோ சாப்பிட்டது. இட்லி தின்ற கையோடு வயிறு கலக்கினால் இட்லி குற்றவாளி இல்லை. எதைத் தின்றிருந்தாலும் கலக்கியிருக்கும். வாயு சேர்ந்து வயிறு உப்புவதும் அப்படித்தான். சாயங்காலம் 5 மணிக்கு உப்பினால் மத்தியானச் சாப்பாட்டையும் காலைச் சாப்பாட்டையும் பாருங்கள், 4 மணிக்குத் தின்ற முறுக்கை அல்ல.

கடைசியாகத் தின்றதையே ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு போனால் என்ன மிஞ்சும்? அந்தப் பெண்ணின் கணக்கைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 2005இல் முன்வைத்த ஃபாட்மேப் என்கிற வகைப்பாடு எங்கள் துறையில் இன்று எல்லோரும் பயன்படுத்துவது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல், தண்ணீரை இழுத்து, பெருங்குடலில் நொதித்து வாயுவாகிற சிலவகை மாவுச்சத்துகளும் சர்க்கரைகளும் அதில் அடங்கும். மீனிலும் முட்டையிலும் அது கிடையவே கிடையாது. கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, கேரட், வெள்ளரி, பீன்ஸ் எல்லாம் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். அவர் நிறுத்தியது இவற்றை. வைத்துக்கொண்டது? கைநிறையப் பூண்டு நசுக்கிப் போட்ட ரசம், கோதுமை ரொட்டி, பொழுதெல்லாம் பால் டீ. பூண்டு, கோதுமை, பால் மூன்றுமே அந்த வகைப்பாட்டில் முன்வரிசையில் நிற்பவை.

பூண்டைப் பற்றிச் சொன்னால் நம் ஊரில் யாரும் நம்புவதில்லை. வாய்வுக்குப் பூண்டுதானே மருந்து என்கிறார்கள். பூண்டு போட்ட உளுந்தங்கஞ்சி, பூண்டுப் பால், சுட்ட பூண்டு. இந்த நோயில் வாயுவைக் கூட்டுவதே பூண்டும் வெங்காயமும்தான். சின்ன வெங்காயத்துக்கும் விலக்கில்லை. ரசம் கொதித்தபின் பூண்டை எடுத்துப் போட்டுவிட்டேன் என்பார்கள். பயனில்லை, அந்தச் சத்து தண்ணீரில் கரைந்துவிடும். எண்ணெயில் கரையாது. ஆகவே முழுப் பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளியுங்கள். வாசனை வரும், தொல்லை வராது. பெருங்காயம் தாராளமாகப் போடலாம். (கோதுமையே ஆகாத சீலியாக் நோயாளிகளிடம் மட்டும், கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும் என்று எச்சரித்துவிடுவேன்.)

இன்னொன்று, சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்குப் போவது. சர்க்கரை நோய்க்குக் கேட்ட அறிவுரையை வயிற்று நோய்க்குக் கொண்டுவருகிறார்கள். தானியங்களில் இந்தக் குடலுக்கு மிகவும் இசைவானது அரிசி. தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த நெல்லை வீட்டில் வைத்துக்கொண்டு ராத்திரி ரொட்டிப் பாக்கெட்டைப் பிரிக்கிறவர்களிடம் என்னத்தைச் சொல்ல! புரோட்டா சால்னாவில் மைதா, வெங்காயம், எண்ணெய், காரம் எல்லாம் ஒருசேர வரும். அதை இரவு பத்து மணிக்குத் தின்றுவிட்டு மறுநாள் காலை இட்லியைத் திட்டுவது நியாயமா?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் எதையும் விலக்க வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஆயிரம் பீடி முடித்துவிட்டுத்தான் சோறு என்று மூன்று மணி வரை காய்ந்து கிடந்து, பிறகு ஒரே மூச்சில் தட்டை நிரப்பாதீர்கள். டீ, காபி நாளைக்கு 3 தம்ளருக்கு மேல் வேண்டாம்; பிரிட்டனின் 2008ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டுதலிலும் இந்த அளவுதான். காரத்தைக் குறையுங்கள். பாலுக்குப் பதில் மோர் குடித்துப் பாருங்கள். மலச்சிக்கல்காரர்கள் கோதுமைத் தவிட்டை விட்டுவிட்டு இசப்கோல் உமியைக் கொஞ்சமாகத் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு எடுக்கலாம். பாதிப் பேருக்கு இதிலேயே வயிறு அடங்குவதைப் பார்க்கிறேன்.

அடங்காவிட்டால் மட்டும் ஃபாட்மேப் குறைத்த உணவு. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், மொச்சை, கொண்டைக்கடலை, தட்டப்பயறு, மாம்பழம், தர்பூசணி இவற்றை 2 முதல் 6 வாரம் விலக்க வேண்டும். ஆறு வாரம்தான், ஆயுளுக்கும் இல்லை! குணம் தெரியாவிட்டால் உணவு காரணமில்லை என்று பழையபடி சாப்பிடுங்கள். குணம் தெரிந்தால் ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். மூன்று நாள் அளவைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்த்து, சில நாள் இடைவெளி விட்டு அடுத்தது. பலருக்கு ஒன்றிரண்டு வகைதான் ஆகாது. அதிலும் கொஞ்சம் ஒத்துக்கொள்ளும். பயறை இரவு ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் சிலருக்கு அதுவும் சரியாகிவிடும். சேர்க்கிற கட்டத்தை விட்டுவிட்டு விலக்குவதோடு நிற்பதுதான் ஆளை உருக்குகிறது. ஏற்கெனவே மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் இதைத் தாமாகத் தொடங்கவே கூடாது.

குடலில் சிக்கியதை எடுத்துவிடுகிறோம் என்பவர்களிடம் தொக்கம் எடுக்கப் போகாதீர்கள். குடலில் எதுவும் சிக்கிக் கிடக்கவில்லை. பேதி மருந்து குடித்துக் குடலைக் கழுவாதீர்கள். டாக்டர் எழுதாத கேஸ் மாத்திரையை வருடக்கணக்கில் வெறும் வயிற்றில் முழுங்காதீர்கள். அது அமிலத்துக்கான மருந்து, இந்த நோய்க்கானது அல்ல.

வீட்டிலுள்ள அத்தைமாருக்கும் மைனிமாருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் இந்த நோயுள்ள பெண்ணுக்கென்று தனிச் சமையல் வேண்டாம். குழம்பில் வெங்காயமும் பூண்டும் சேர்க்கும் முன்பே அவள் பங்கைத் தனியே எடுத்து வையுங்கள், போதும். மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டில் அவள் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டால் "கொழுப்பு" என்று பேசாதீர்கள். அல்வாவில் ஒரு துண்டு அவளும் தின்னட்டும்.

மலத்தில் ரத்தம், காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வலியோ பேதியோ, ஐம்பதைத் தாண்டியபின் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் சாப்பாட்டுப் பேச்சே வேண்டாம். நம் நாட்டில் குடல் காசநோயும் இப்படித்தான் வேஷம் போடும். முக்கூடல் பெண்ணையும் எடை இறங்கியதால் முதலில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பினேன். அங்கே எல்லாம் பார்த்து, வேறு நோயில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் மீனையும் முட்டையையும் தட்டில் திரும்ப வைக்கச் சொன்னேன்.