தெர்மைட் மூசையில் எந்தப் பொருள் முதலில் தீரும்?

தண்டவாளங்களின் முனைகளை இருப்புப்பாதையில் கிடந்தபடியே பற்றவைக்க உதவும் தெர்மைட் வினைக்கு ஜெர்மனிய வேதியியலாளர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895ஆம் ஆண்டில் காப்புரிமை பெற விண்ணப்பித்தார். 1899இல் எசன் நகரின் டிராம் தண்டவாளங்கள் இம்முறையில் இணைக்கப்பட்டன. மூசையில், அதாவது அதிவெப்பம் தாங்கும் கலத்தில், உள்ள இரும்பு ஆக்சைடின் ஆக்சிஜனை அலுமினியத் தூள் பறித்துக்கொள்ளும்போது வெப்பநிலை 2000 டிகிரி செல்சியசைத் தாண்டுவதால், விடுபட்ட இரும்பு உருகி அடியில் தங்க, அடர்த்தி குறைந்த அலுமினியம் ஆக்சைடு கசடாக மேலே மிதக்கிறது.

எவ்வளவு தூளுக்கு எவ்வளவு இரும்பு கிடைக்கும்? மோல் என்பது துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு. சமன் செய்யப்பட்ட சமன்பாட்டின்படி 1 மோல் இரும்பு ஆக்சைடும் 2 மோல் அலுமினியமும் வினைபுரிந்து, 2 மோல் இரும்பையும் 1 மோல் அலுமினியம் ஆக்சைடையும் தருகின்றன. இவற்றின் மோலார் நிறைகள், அதாவது ஒரு மோலின் நிறைகள், முறையே 160, 27, 56, 102 கிராம்.

மூசையில் 1000 கிராம் ஆக்சைடும் 300 கிராம் அலுமினியமும் இருப்பதாகக் கொள்வோம். அவை முறையே 6.25 மோலும் 11.11 மோலும் ஆகும். மோல் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் ஆக்சைடே முதலில் தீரும் என்று முடிவு கட்டிவிடுவதுதான் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம். ஆனால் 6.25 மோல் ஆக்சைடு முழுவதும் வினைபுரிய 12.5 மோல் அலுமினியம் வேண்டும், இருப்பதோ 11.11 மோல். ஆகவே, எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் அலுமினியமே இங்கு வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருள். ஒவ்வொரு பொருளின் மோல் எண்ணிக்கையையும் சமன்பாட்டில் அதற்குரிய கெழுவால் (ஆக்சைடுக்கு 1, அலுமினியத்துக்கு 2) வகுத்தாலும் இதே விடை கிடைக்கும்: ஆக்சைடுக்கு 6.25, அலுமினியத்துக்கு 5.56, சிறிய ஈவைத் தரும் பொருளே முதலில் தீரும்.

விளைபொருளின் நிறையை இனி அலுமினியத்தைக் கொண்டு மட்டுமே கணக்கிட வேண்டும். 11.11 மோல் அலுமினியம் அதே அளவு மோல் இரும்பைத் தருவதால், கிடைக்கும் இரும்பு சுமார் 622 கிராம். கசடு 567 கிராம். வினைபுரியாத ஆக்சைடு 111 கிராம். மூன்றையும் கூட்டினால் தொடக்கத்தில் இட்ட 1300 கிராம் சரியாக வருகிறது. கணக்கைச் சரிபார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

அலுமினியத்தை 400 கிராமாக உயர்த்தினால் நிலைமை தலைகீழாகிறது. ஆக்சைடு முதலில் தீர்ந்து 700 கிராம் இரும்பு கிடைக்கும். அதற்குமேல் எவ்வளவு அலுமினியம் சேர்த்தாலும் இரும்பு ஒரு கிராம்கூடக் கூடாது. மீந்த 62.5 கிராம் அலுமினியமோ உருகிய இரும்பில் கலந்து இணைப்பின் இயல்பையே மாற்றிவிடும். பணியிடத்தில் கண்ணளவாகக் கலக்காமல், ‘போர்ஷன்’ எனப்படும் முன்கூட்டியே எடைபோட்ட பைகளைத் தண்டவாள வகைக்கேற்பப் பயன்படுத்துவது இதனால்தான்.