முட்டி வீக்கம் வடிந்துவிட்டது, ஊசி எதற்கு?

எங்கள் கிளினிக் மாடியில் இருக்கிறது. போன வாரம் வந்த பத்து வயதுப் பெண் பாதிப் படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது.

விசாரித்தால் பழைய கதைதான். போன வருடம் தொண்டை வலி. மெடிக்கலில் வாங்கிய மாத்திரை மூன்று நாள். இரண்டு வாரம் கழித்து வலது முட்டி வீங்கியது. போர்வை பட்டாலே அலறியிருக்கிறாள். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு வழித்திருக்கிறார்கள். அது வடிந்ததும் இடது கணுக்கால், அப்புறம் முழங்கை. தொண்டையில் கிருமி வந்துபோன பிறகு மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் என்று கண்டுபிடித்து, 21 நாளுக்கு ஒரு பெனிசிலின் ஊசி எழுதித் தந்திருக்கிறார் ஒரு மருத்துவர். நாலு ஊசியோடு நிறுத்திவிட்டார்கள்.

"முட்டிதான் சரியாயிடுச்சே டாக்டர்!"

இதை இன்னும் எத்தனை பேரிடம் கேட்பேனோ! முட்டி சரியாகத்தான் ஆகும். ஒரு ஊசிகூடப் போடாவிட்டாலும் சில வாரங்களில் தானே வடியும். ஊசி முட்டிக்கு இல்லை அம்மா, இதயத்துக்கு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி மறுபடி தொண்டைக்கு வந்தால், அதை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு மறுபடி வால்வையும் தாக்கும். ஒவ்வொரு தடவையும் வால்வு இன்னும் கொஞ்சம் கெடும். முட்டி வலித்தால் குழந்தை அழும். வால்வு கெடுவது வெளியே தெரியாது.

இதயம் தப்பிய பிள்ளைக்கே ஐந்து வருடம் அல்லது 21 வயது வரை, எது அதிகமோ அதுவரை ஊசி வேண்டும். வால்வு கெட்டிருந்தால் குறைந்தது பத்து வருடம். பலருக்கு 40 வயது வரை.

ரத்தத்தில் ஏ.எஸ்.ஓ. (ஸ்ட்ரெப்டோகாக்கஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள்) அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக ஊசி தொடங்குவதும் தவறுதான். கிருமி வந்துபோனதை மட்டுமே அது சொல்லும்.

5 முதல் 15 வயதுப் பிள்ளைக்குச் சளி, இருமல் இல்லாமல் திடீர்க் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்து, கழுத்தில் நெறி கட்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். பெனிசிலின் மாத்திரை எழுதினால் பத்து நாளும் கொடுங்கள், மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டாலும். மூட்டு வீங்கினால், காட்டுவதற்கு முன் வலி மாத்திரை கொடுக்காதீர்கள். வீக்கம் மூட்டு விட்டு மூட்டு ஓடுவது எங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

ஊசி வலிக்கும், தெரியும். பரீட்சை, திருவிழா என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு ஊசி போட்டதும் தினசரி காலண்டரில் 21 நாள் எண்ணி, அந்தத் தாளின் மூலையை மடித்துவிடுங்கள்.